மாதச் சுழற்சியும் மனநிலையும்

பெங்களூரு நகரில், 'தண்டு' என்று தமிழர் நாவில் வழங்கிவரும் பழைய பாளையப் பகுதிக்குத் தெற்கே நீலசந்திரா என்றொரு பேட்டை உண்டு. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்நகரிற் படைமுகாம் அமைத்த காலந்தொட்டு, சென்னை மாகாணத்திலிருந்து படையினரும், வணிகரும், கைவினைஞரும், வீட்டு வேலை செய்வோரும் வந்து குடியேறினர். அவர்களுடைய வழிவந்தோரும் பின்னர் வந்தோருமாகத் தமிழ் பேசும் மக்கள் இன்றும் நீலசந்திராவிலும், அதனை அடுத்த ஆஸ்டின் டவுன், விவேக்நகர் முதலிய இடங்களிலும் மிகுதியாக வாழ்கின்றனர். இப்பெயரைக் கேட்ட அளவில் நிலவின் நினைவே நமக்கு வரும். ஆனால் பொம்மசந்திரா, திப்பசந்திரா, சிங்கசந்திரா என்று பெங்களூரைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களின் இறுதியில் நிற்கும் இச்சொல் 'சமுத்திரம்' என்பதன் திரிபு என்றும், பெரிய ஏரியைக் குறிப்பது என்றும் ஊர்ப்பெயர் ஆராய்ந்தோர் கூறுவர். காதுக்குத் தோன்றும் பொருள் ஒன்று. ஆராய்ந்து காணும் பொருள் மற்றொன்று.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதே. திங்கள்தோறும் பெண்ணின் உடலில் நிகழும் சுழற்சி அவளுடைய மனநிலையையும் மாற்றுகிறதா? மாற்றுமாயின் யாரிடத்தில், எந்நாட்களில், எவ்வளவு மாற்றுகிறது? இவ்வினாக்களுக்கு மேலோட்டமான விடைகள் பலவற்றை உலகம் நெடுங்காலமாகக் கூறிவந்தது. ஆராய்ந்த விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்பதே நமது நோக்கம்.

முதலில் நம் வீடுகளைப் பார்ப்போம். நல்ல இயல்பும் பொறுமையும் உடைய ஒரு பெண், மாதத்திற் சில நாட்கள் மட்டும் காரணமின்றிக் கண் கலங்குகிறாள், சிறு சொல்லுக்கும் சினம் கொள்கிறாள், உறக்கம் கெடுகிறது, எதிலும் நாட்டம் இல்லை, "இருந்து என்ன பயன்?" என்று எண்ணுகிறாள். விலக்கான ஓரிரு நாட்களில் அத்துயரம் பனிபோல் அகன்றுவிடுகிறது. அப்பொழுது தான் பேசியவற்றையும் செய்தவற்றையும் நினைந்து அவள் வெட்கமடைகிறாள். வீட்டார் என்ன கூறுகின்றனர்? கணவன், "இவள் குணமே இதுதான்" என்கிறான். மாமியார், "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்கிறார். சில இடங்களில் பேய் பிடித்ததென்று கோயிலுக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. அப்பெண்ணோ தன்னையே குற்றவாளியாகக் கருதிக்கொள்கிறாள்.

இந்நிலைக்குச் சொல்லின் வறுமையும் ஒரு காரணம் எனலாம். குருதி வெளிப்படும் நாட்களைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள்ளன. பூப்பு, மாதவிலக்கு, வீட்டுக்குத் தூரம், தீட்டு என்றெல்லாம் கூறுகிறோம். தொல்காப்பியத்தின் கற்பியல், மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாட்கள் கணவன் அவளைப் பிரிந்து உறைதல் அறமன்று என்று விதிக்கிறது. புறநானூற்றுப் புலவர் பொன்முடியார், போர்க்களத்தில் அஞ்சி ஒதுங்கும் குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்திற் பாண்டங்களைத் தொடாமல் விலகி நிற்கும் மகளிரை உவமை கூறுகிறார். ஆகவே இந்நாட்கள் நம் முன்னோர் கவனத்திற்குத் தப்பியவை அல்ல. ஆயினும் அந்நாட்களுக்கு முந்திய ஒரு வாரத்திற்கு நம் அன்றாடப் பேச்சில் நிலைத்த தனிப்பெயர் இல்லை. உள்ளம் அலைக்கழிவதோ பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். பெயரில்லாத துன்பம் எளிதிற் பெண்ணின் குணத்தின்மேல் ஏற்றப்பட்டுவிடுகிறது.

மேலைநாட்டிலும் நிலைமை மேம்பட்டதாக இல்லை. கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'இஸ்டீரியா' என்ற நோய்ப்பெயர் பிறந்தது. பெண்ணின் மனக்கலக்கம் அனைத்திற்கும் கருப்பையே வேர் என்னும் கருத்து அப்பெயரிலேயே பொதிந்திருந்தது. அச்சொல் நம் ஊர்களிலும் புகுந்து, மயங்கி விழும் பெண்ணையெல்லாம் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பகுப்பு நூலிலிருந்து அப்பழைய நோய்ப்பெயரை நீக்கியது.

கருப்பையைப் பற்றிய இக்கருத்து மருத்துவமனையோடு நின்றிருந்தால் தீங்கு குறைவாக இருந்திருக்கும். அது கல்விக்கூடத்தின் வாயிலையும் அடைத்தது. 1873இல் ஆர்வர்டு மருத்துவப் பேராசிரியராய் இருந்த எட்வர்டு கிளார்க் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். ஆண்களைப் போலவே இடைவிடாது பயிலும் பெண்களின் உடல்நலமும் தாய்மைத் திறனும் கெடும் என்பது அவர் வாதம். மாதவிலக்கு நாட்களில் மூளைக்கு வேலை கொடுத்தல் ஆகாது என்றும் அவர் அச்சுறுத்தினார். பெண்கள் உயர்கல்வி பெறுவதை விரும்பாதோர்க்கு அந்நூல் நல்ல படைக்கலம் ஆயிற்று.

அதற்கு விடையிறுத்தவர் மேரி புட்னம் ஜேக்கபி என்னும் பெண் மருத்துவர். ஆர்வர்டு பல்கலைக்கழகம் நடத்திய பாயில்ஸ்டன் பரிசுப் போட்டிக்கு, மாதவிலக்கு நாட்களிற் பெண்ணுக்கு ஓய்வு தேவையா என்ற பொருளில் அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பினார். போட்டி விதிப்படி எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. 1876இல் பரிசு அதற்கே கிடைத்தது. அக்கட்டுரையின் சிறப்பு அதன் முறையில் உள்ளது. ஜேக்கபி 1,000 வினாத்தாள்களைப் பெண்களுக்கு அனுப்பி, 268 விடைகளைப் பெற்றார். நாடித்துடிப்பையும் உடல் வலிமையையும் கருவிகள் கொண்டு அளந்தார். பெரும்பாலான பெண்களுக்கு அந்நாட்களில் வேலையை நிறுத்த வேண்டிய தேவை இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. பெண்களைப் பற்றிப் பேசுமுன் பெண்களையே கேட்க வேண்டும் என்னும் எளிய நெறி அன்று புதிதாக இருந்தது. பரிசளித்த அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களை மாணவராய்ச் சேர்த்துக்கொண்டதோ 1945ஆம் ஆண்டில்தான். நம் நாட்டில் புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி அம்மையார் 1907இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இற் பட்டம் பெற்றுவிட்டார் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

1914இல் லீட்டா ஹாலிங்வொர்த் என்னும் உளநூல் அறிஞர், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குத் தம் ஆய்வுரையை அளித்தார். பெண்களையும், ஒப்பிட்டு நோக்குவதற்காக ஆண்களையும் நாள்தோறும் பல வாரங்கள் சோதித்தார். கையின் விரைவு, நடுக்கமின்மை, நினைவாற்றல், புதியது கற்கும் திறன் ஆகியவை அளக்கப்பட்டன. மாதவிலக்கு நாட்களில் அறிவுத்திறனோ செயல்திறனோ குறைவதாக அச்சோதனைகள் காட்டவில்லை. எல்லாப் பெண்களும் மாதந்தோறும் அறிவிழக்கின்றனர் என்னும் கூற்று இவ்வாறு பொய்யாயிற்று.

ஆனால் ஒரு பொய்யை மறுத்தபொழுது ஓர் உண்மை மறைந்துபோகவும் இடமுண்டு. எல்லாரும் துன்புறுவதில்லை என்பதனால் ஒருவரும் துன்புறுவதில்லை என்று ஆகிவிடாது. 1931இல் நியூயார்க் மருத்துவர் இராபர்ட் பிராங்க், தம்மிடம் வந்த 15 பெண்களின் நிலையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். மாதவிலக்குக்கு முன் ஏழு முதல் பத்து நாட்கள் வரை அவர்கள் தாங்கொணாத மன இறுக்கத்திற்கு ஆளாயினர். விலக்கு வந்தவுடன் அது தணிந்தது. அவர் இதனை 'மாதவிலக்குக்கு முந்திய இறுக்கம்' என்று அழைத்தார். பெயரில்லாத வாரத்திற்கு அன்று ஒரு பெயர் கிடைத்தது. சினைப்பையின் சுரப்பு மிகுதியாகி உடலிற் தங்குவதே காரணம் என்று அவர் கருதினார். கடுமையான நிலையில் சினைப்பையின்மேல் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி அதன் வேலையைக் குறைக்கவும் முற்பட்டார். நோயை அவர் சரியாகக் கண்டார்; காரணத்தையும் மருந்தையும் சரியாகக் காணவில்லை.

1953இல் இங்கிலாந்தில் டாக்டர் காதரினா டால்டன், டாக்டர் ரேமண்டு கிரீன் ஆகிய இருவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் அடுத்த படி. மாதவிலக்கை ஒட்டி வந்த தலைவலி, கருவுற்ற காலத்தில் தமக்கு இல்லாதிருந்ததை டால்டன் தம் உடலிலேயே கண்டவர். இறுக்கம் மட்டுமன்றித் தலைவலி, வீக்கம், மனச்சோர்வு முதலிய பலவும் சேர்ந்து வருவதால் அவ்விருவரும் இதனை ஓர் அறிகுறித் தொகுதி என்றனர். புரோஜெஸ்ட்ரோன் என்னும் ஹார்மோன் குறைவதே காரணம் என்பது டால்டனின் உறுதியான நம்பிக்கை. அதனையே மருந்தாகப் பல்லாண்டு கொடுத்து வந்தார். ஆனால் 1990இல் அமெரிக்காவில், மருந்தையும் மருந்தற்ற போலி உருண்டையையும் வேறுபாடு தெரியாதவாறு கொடுத்துச் சோதித்தபொழுது, அவ்வாறு கொடுத்த புரோஜெஸ்ட்ரோன் போலி மருந்தைவிடச் சிறந்ததாகத் தோன்றவில்லை.

டால்டனின் எழுத்துகளால் பெண்கள் பலர் தம் துன்பத்துக்கு மதிப்புக் கிடைத்ததென்று ஆறுதல் அடைந்தனர். அதே வேளையில் ஓர் ஐயமும் எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நீதிமன்றங்களில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் இருவரின் பொறுப்பைக் குறைத்துக் காட்ட இந்நோய் சான்றாக ஏற்கப்பட்டது. நம் நாட்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றமும் 2018இல் ஒரு பழைய வழக்கில் இதனைக் கருதி ஒரு பெண்ணை விடுதலை செய்தது. ஒருத்திக்கு இரக்கம் காட்டும் இவ்வாதம், பெண்கள் அனைவரும் மாதந்தோறும் நம்பத்தகாதவராகிவிடுவர் என்று சொல்லவும் பயன்படுமே என்று அறிஞர் பலர் அஞ்சினர். கிளார்க்கின் பழைய வாதம் புதிய உடையில் வரக்கூடும் என்பதே அவ்வச்சம்.

இவ்விரு தவறுகளுக்கும் நடுவே வழிகாட்டியது ஒரு சிறிய கருவி. அது நாட்குறிப்பு. கடந்த மாதங்களை நினைவுகூர்ந்து சொல்லும்பொழுது, மனிதர் தம் நம்பிக்கைக்கு ஏற்ப நினைவைத் திருத்திக்கொள்வது இயல்பு. துயரம் நேர்ந்த நாளெல்லாம் விலக்குக்கு முந்திய நாளாகவே நினைவில் தோன்றிவிடும். ஆகையால் அன்றன்றைய மனநிலையை அன்றன்றே குறித்து, குறைந்தது இரண்டு சுழற்சிகள் பார்த்த பின்னரே முடிவு கூறவேண்டும் என்ற விதி மருத்துவ உலகில் நிலைபெற்றது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு இதன் பயனை நன்கு காட்டுகிறது. நாட்குறிப்பின்றிக் கணக்கிட்டால் பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 8 பேர்க்கு இந்நோயின் கடுமையான வடிவம் இருப்பதாகத் தோன்றுகிறது. நாட்குறிப்பால் உறுதிசெய்தால் அது 3 பேர் அளவுக்கு இறங்குகிறது. மருத்துவமனைக்கு வந்தோரை விடுத்துப் பொதுமக்களிடையே மட்டும் பார்த்தால் 2 பேர்க்கும் குறைவே. விழுக்காடு சிறிது எனினும், நம் நாட்டின் மக்கள்தொகையில் அது பல இலட்சம் பெண்கள் என்பதை மறத்தலாகாது.

காரணத்தைப் பற்றிய தெளிவு 1998இல் வந்தது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் ஷ்மிட்டும் அவருடைய துணைவரும், இத்துயரம் உடைய பெண்களுக்கு ஒரு மருந்து கொடுத்துச் சினைப்பையின் சுரப்பை நிறுத்தினர். பலருக்குத் துயரம் நீங்கியது. பின்னர் ஹார்மோன்களை இயல்பான அளவில் மீண்டும் கொடுத்தபொழுது துயரமும் மீண்டது. இத்துயரம் இல்லாத பெண்களுக்கு அவ்வாறே செய்தபொழுது யாதொரு மாற்றமும் இல்லை. எனவே, துன்புறும் பெண்ணின் உடலில் ஹார்மோன் மிகுதியும் இல்லை, குறைவும் இல்லை. எல்லார்க்கும் நிகழும் ஏற்ற இறக்கத்திற்கு அவளுடைய மூளை வேறு வகையாக விடையிறுக்கிறது. பிராங்க் சொன்ன மிகுதியும் டால்டன் சொன்ன குறைவும் ஒருங்கே விலகின. 'இது உன் குணக்கேடு' என்ற பழிச்சொல்லுக்கும் அன்றே அடிப்படை அற்றுப்போயிற்று.

1987இல் அமெரிக்க நோய்ப் பகுப்பு நூலின் பின்னிணைப்பில், மேலும் ஆராயத்தக்கது என்ற குறிப்புடன் இந்நோய் இடம்பெற்றது. 1994இல் அதற்கு 'மாதவிலக்குக்கு முந்திய மனவேதனைக் கோளாறு' என்ற பெயர் அமைந்தது. 2013இல் அது முழு நோயாக ஏற்கப்பட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு.

இனி நீலசந்திராவுக்குத் திரும்புவோம். அங்கிருந்து சிறிது தொலைவில், ஓசூர் சாலையில், மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனை இருந்தது. 1954இல் அங்கு அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றியது. 1974இல் அவ்விரண்டும் இணைந்து, 'நிம்ஹான்ஸ்' என்று நாம் இன்று அறியும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் ஆயின. கன்னட நாட்டாரேயன்றி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழரும் மனத்துயர் நீங்க நாடிவரும் இடம் அது. அந்நிறுவனத்து மருத்துவர்களான சந்தோஷ் சதுர்வேதியும் பிரபா சந்திராவும் 1989 முதல் இந்தியப் பெண்களின் மாதவிலக்குக்கு முந்திய அனுபவங்களையும், பண்பாடும் மனப்பான்மையும் அவற்றை வடிவமைக்கும் வகையையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். 1995இல் அவர்களும் துணைவரும் எழுதிய கட்டுரையின் பொருள், அந்நாட்களில் தோன்றும் தற்கொலை எண்ணம். மேலைநாட்டு அளவுகோலை அப்படியே வாங்கிப் பயன்படுத்தாது, இங்குள்ள பெண்களைக் கேட்டறிய வேண்டும் என்று அவர்கள் கருதியது பாராட்டத்தக்கது. இப்பொருள் வெறும் சிடுசிடுப்பைப் பற்றியது அன்று. உயிரைப் பற்றியது என்பதையும் அவர்களுடைய ஆய்வு நமக்கு உணர்த்துகிறது.

அண்மைக்காலத்தில் இப்பழைய வினா சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் ஒலிக்கிறது. பீகார் அரசு 1992இலேயே தன் பெண் ஊழியர்க்கு மாதத்தில் இரண்டு நாட்கள் சிறப்பு விடுப்பு அளித்தது. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, அரசுப் பணியிலும் தனியார் பணியிலும் உள்ள பெண்களுக்கு மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாட்கள் ஊதியத்துடன் விடுப்பு என்ற கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. இத்தகைய விடுப்பைக் கட்டாயமாக்கினால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கக்கூடும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருந்தது. ஜேக்கபியும் ஹாலிங்வொர்த்தும் எதனை மறுத்தனரோ அதனை மீண்டும் உயிர்ப்பிக்காமல், பிராங்க் கண்ட துயரத்தையும் புறக்கணிக்காமல் வழி காண்பது எளிதன்று. விடுப்பு உடல்வலிக்கு உதவும், அது வேண்டுவதே. ஆனால் மனத்துயரின் கடுமை பெரும்பாலும் விலக்கு நாளுக்கு முன்னரே வந்துவிடுகிறது. அதற்கு விடுப்பைவிடச் சிகிச்சையே தேவை.

அச்சிகிச்சை இன்று உண்டு. மூளையில் செரட்டோனின் என்னும் பொருளின் வேலையைச் சீர்செய்யும் மருந்துகள் பலருக்குப் பயன்படுகின்றன. அவற்றை மாதம் முழுவதும் உண்ணாமல், பின்பாதி நாட்களில் மட்டும் உண்டாலும் பலன் தருவது வியப்புக்குரியது. சிலவகைக் கருத்தடை மாத்திரைகளும், எண்ணங்களை ஒழுங்குபடுத்தும் உளச்சிகிச்சையும் உதவுகின்றன. இவற்றையெல்லாம் மருத்துவர் பார்த்தே கொடுக்க வேண்டும். ஏனெனில் இரத்தசோகை, தைராய்டுக் குறை, மாதம் முழுவதும் நீடிக்கும் மனச்சோர்வு ஆகியவையும் இவ்வாறே தோற்றம் தரும். வீட்டிலுள்ள கொடுமையால் அழும் பெண்ணை ஹார்மோனால் அழுகிறாள் என்று சொல்லித் தள்ளுவதும் பெருந்தவறு. நாட்குறிப்பு இங்கும் துணைசெய்யும். மாதத்தின் எல்லா நாட்களிலும் துயரம் இருக்குமாயின், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

நாட்குறிப்புக்குப் பெரிய ஏடு எதுவும் வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி போதும். விலக்கு நாளை ஒரு வட்டத்தால் குறிக்கலாம். ஒவ்வொரு நாளும் உறங்குமுன் சோர்வு, சினம், அழுகை, உறக்கம் ஆகியவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண் இடலாம். இரண்டு மாதம் சென்றபின் அந்தத் தாளே பேசும். விலக்குக்கு முந்திய வாரத்தில் எண்கள் உயர்ந்து, விலக்கு வந்த சில நாட்களில் இறங்கி, அடுத்த வாரத்தில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தால் அத்தாளை மருத்துவரிடம் கொண்டுசெல்லலாம். உயிர்வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் இரண்டு மாதம் காத்திருத்தல் கூடாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மனஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவைக்கு நிம்ஹான்ஸ் தலைமை மையம். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

பேராசிரியர் ஒருவர் கற்பனையால் எழுதிய நூலைப் பெண்களின் விடைத்தாள்கள் மறுத்தன. மருத்துவர் இருவரின் ஊகத்தைச் சோதனை திருத்தியது. இவ்வரலாறு முழுவதிலும் உண்மை வெளிப்பட்டது, துன்பம் உற்றவளையே கேட்டு, அவள் சொன்னதை நாளும் தேதியுமாக எழுதிப் பார்த்தபொழுதுதான். நம் வீட்டிலும் மனைவியோ மகளோ மருமகளோ, "இந்நாட்களில் என்னால் இயலவில்லை" என்று கூறினால், அதனைக் குணக்கேடு என்று தள்ளாமலும், பெண்ணுக்கு இது இயல்புதானே என்று சிரித்து ஒதுக்காமலும், "எந்த நாளில் தொடங்கியது?" என்று பரிவோடு கேட்போமாக. அவ்வொரு கேள்வியே பல வீடுகளில் சிகிச்சையின் தொடக்கம் ஆகும்.